சுருங்கிய கள்ளிக்குத் தண்ணீர் ஊற்றும் முன்

கேமரன் மலைக்குச் சுற்றுலா போய்த் திரும்பும் குடும்பங்களின் காரில் ஸ்ட்ராபெரியோடு ஒரு சிறிய கள்ளித்தொட்டியும் இருப்பது வழக்கம். பட்டர்வொர்த் அடுக்குமாடி வீட்டுக்கு வந்த சில மாதங்களில் அந்தச் செடி சுருங்கத் தொடங்கும். தாகம் என்று நினைத்து வீட்டில் உள்ளவர்கள் தண்ணீர் ஊற்றுவார்கள். பல கள்ளிகள் சாவது அந்தத் தண்ணீரால்தான்.

சுருக்கத்திற்கு ஒன்றுக்கொன்று நேர் எதிரான இரண்டு காரணங்கள் உண்டு. ஒரு சாத்தே குச்சியை மண்ணின் அடிவரை செருகிச் சில நிமிடங்கள் கழித்து எடுத்துப் பார்க்க வேண்டும். குச்சி காய்ந்திருந்தால் தாகம்; நன்றாக நனைத்தால் சில நாளில் தேறிவிடும். குச்சி ஈரமாக இருந்தால் வேர் அழுகியிருக்க வாய்ப்பு அதிகம். அழுகிய வேரால் உறிஞ்ச முடியாது என்பதால், ஈரத்தில் நின்றபடியே செடி வற்றுகிறது.

அப்படியானால் செடியைப் பிடுங்கி மண்ணை உதறுங்கள். கறுத்துக் கொழகொழத்த பகுதியைச் சுத்தமான கத்தியால் வெட்ட வேண்டும். வெட்டிய முகத்தில் பழுப்புப் புள்ளி ஒன்றுகூடத் தெரியாதவரை, ஒவ்வொரு முறையும் கத்தியைத் துடைத்துவிட்டு மேலே மேலே வெட்டுவதே சரி. புள்ளி மிஞ்சினால் அழுகல் மீண்டும் ஏறும். பிறகு நிழலில் ஒரு வாரமாவது காயவைத்து, வெட்டு தோல்போல் இறுகியதும் காய்ந்த மண்ணில் நடலாம். வேர் விடும்வரை தண்ணீர் வேண்டாம்.

அடிப்பகுதி பழுப்பாவதெல்லாம் அழுகல் அல்ல. அழுத்தினால் மரம்போல் கெட்டியாக இருந்தால் அது முதுமை; விட்டுவிடலாம்.

சிவப்பு, மஞ்சள் தலையோடு விற்கப்படும் 'நிலாக் கள்ளி' தனி வகை. அந்தத் தலையில் பச்சையம் இல்லை. கீழே உள்ள மூன்று பட்டைத் தண்டு, பெரும்பாலும் டிராகன் பழச் செடி, அதற்குச் சோறு போடுகிறது. தண்டு அழுகினால் தலையை மட்டும் நட்டுப் பயனில்லை. புதிய டிராகன் தண்டை வெட்டி, இரண்டின் உள்வளையங்களும் தொடும்படி வைத்து ரப்பர் வளையத்தால் கட்ட வேண்டும்.

கடைத்தொட்டியில் மேலே கற்களை ஒட்டியிருந்தால் முதலில் பெயர்த்தெடுங்கள். ஈரம் தெரியாமல் போவதற்கு அதுவும் காரணம். தேங்காய் நார்த்தூளும் ஈரத்தைப் பிடித்துவைக்கும். பாதிக்குமேல் பெருமணலோ பியூமிஸ் கல்லோ கலந்த மண் நல்லது. பாகான் ஆஜாம் கடற்கரை மணல் உப்பு, வேண்டாம். செப்டம்பர், அக்டோபர் மழையில் தொட்டி கூரைக்குக் கீழ் இருக்கட்டும்.

நுனி வெளிறி மெலிந்து நீண்டால் வெளிச்சக் குறைவு. திடீரென வெயிலில் வைத்தால் வெந்து வெள்ளைத் தழும்பு விழும், அது மறையாது. சிறிது சிறிதாகப் பழக்க வேண்டும்.

முள்ளிடுக்கில் பஞ்சுபோல் தெரிந்தால் மாவுப்பூச்சி. இதன் உறவினரான கொச்சினீல் பூச்சியை 1926-இல் இலங்கையிலிருந்து கொண்டுபோய்த்தான் தென்னிந்தியாவில் பரவிக்கிடந்த சப்பாத்திக்கள்ளியை ஒடுக்கினார்கள். இந்தக் குடும்பத்தின் பலம் அப்படி. மருந்தகத்தில் கிடைக்கும் 70 விழுக்காட்டு ஆல்கஹாலைக் காது குடையும் பஞ்சில் தோய்த்துத் தொட்டு எடுத்து, வாரம் ஒருமுறை என ஒரு மாதம் செய்ய வேண்டும். அதுவரை அந்தத் தொட்டியை மற்றவற்றிலிருந்து தள்ளி வையுங்கள். எறும்பு ஏறினால், வேரிலும் பூச்சி இருக்கிறதா என்று பிடுங்கிப் பார்ப்பது நல்லது.