ஷடாரு

ஷடாரு என்பது 'எழுது' என்று பொருள்படும் அக்காடிய வினைச்சொல். இன்றைய ஈராக்கில் கி.மு. 3-ஆம் ஆயிரமாண்டு முதல் வழங்கிய அக்காடியம், அரபு, எபிரேயம் போல ஒரு செமிட்டிய மொழி. இவ்வினைக்கு வேர் ஷ்-ட்-ர் என்னும் மூன்று மெய்கள். இஷட்டர் என்றால் எழுதுகிறான், இஷ்டுர் என்றால் எழுதினான், ஷடிர் என்றால் எழுதப்பட்டுள்ளது.

எழுத்துக்கலையை அக்காடியர் சுமேரியரிடம் கற்றார்கள்; அத்தொழிலுக்கான சொற்களும் அவர்களிடமிருந்தே வந்தன. களிமண் பலகைக்குச் சுமேரியர் சொன்ன டுப், டுப்பு ஆனது. எழுத்தரைக் குறித்த டுப்சர், டுப்ஷர்ரு ஆனது. எழுதும் செயலுக்கு மட்டும் செமிட்டிய வினையே நிலைத்தது. தென்னரேபியக் கல்வெட்டுகளிலும் இவ்வேர் எழுதுதலையே குறிக்கிறது. ஆனாலும் அக்காடிய எழுத்தர்கள் பல இடங்களில் சர் என்ற சுமேரியக் குறியை இட்டுவிட்டு, அதை ஷடாரு என்று வாசித்தார்கள்.

ஈரக் களிமண்ணில் நாணல் முனையை அழுத்தி ஆப்பு வடிவத் தடம் பதிப்பதும், கல்லில் உளியால் பொறிப்பதும் இந்த ஒரே வினைதான். கி.மு. 18-ஆம் நூற்றாண்டில் பாபிலோன் மன்னன் ஹம்முராபி, தன் அருமையான சொற்களைக் கல்லில் எழுதியதாகத் தன் சட்டக்கல்லின் முடிவுரையில் கூறுகிறான். தன் பெயரை அழித்துவிட்டு வேறு பெயர் எழுதுபவனைக் கடுமையாகச் சபிக்கிறான். அழிப்பதற்கு அங்கே வரும் வினை பஷாடு. அந்தக் கருங்கல் இன்று பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. நினிவேயில் அசிரிய மன்னன் அசூர்பனிபாலின் நூலகப் பலகைகள் பலவற்றின் கடைசி வரிகள், மூலத்தைப் பார்த்து எழுதி ஒப்புநோக்கியதற்கு உறுதி தருகின்றன. அங்கும் ஷடிர் என்ற வடிவமே வருகிறது.

இச்சொல்லின் வரலாற்றில் மிக முக்கியமான சான்றாக நான் கருதுவது அசிரிய மன்னன் இரண்டாம் சர்கோனின் (கி.மு. 721–705) ஒரு கடிதம். தெற்கே இருந்த அதிகாரி ஒருவர், செய்திகளை அரமேய மொழியில் அனுப்ப அனுமதி கேட்டிருந்தார். அக்காடியத்தில் ஏன் எழுதி அனுப்பக்கூடாது என்று அரசன் மறுத்துவிட்டான். அவன் அக்காடியத்தில் எழுதுவதற்குச் சொன்னது ஷடாரு; அரமேய எழுத்துக்கு வேறொரு சொல்.

மறுத்தும் அரமேயம் பரவியது. களிமண் எழுத்து கி.பி. முதல் நூற்றாண்டோடு நின்றது. அதற்குள், பிற்காலப் பாபிலோனியத்தில் 'ஆவணம்' என்ற பெயர்ச்சொல்லாகவும் வழங்கிய ஷடாருவை அரமேயம் ஷ்டார் என எடுத்துக்கொண்டிருந்தது. யூதச் சட்டத்தில் கடன் பத்திரம், கிரயப் பத்திரம் எல்லாமே ஷ்டார்தான். இன்றைய எபிரேயத்தில் பணத்தாளுக்கும் அதுவே பெயர்.