இறங்காமல் ஓட்டும் உரிமை: மிதிவண்டியும் 1941 கிள்ளான் போராட்டமும்



‘தெரிந்ததிலிருந்து தெரியாததற்கு’ என்பது ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் நாங்கள் கற்ற முதற்பாடங்களுள் ஒன்று. வரலாறு கற்பிக்கும்பொழுது இம்முறையை நான் பெரிதும் நம்புகிறேன். வீட்டின் பின்புறம் சாய்த்து வைத்திருக்கும் பழைய மிதிவண்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் முன்கவையை மாற்றும் வேலையில் தொடங்கினால், 1941ஆம் ஆண்டின் கிள்ளான் தோட்டங்களுக்கே போய்ச் சேரலாம்.

வீட்டிலேயே செய்யக்கூடிய வேலை

முன்சக்கரத்தை இருபுறமும் பற்றிக்கொண்டிருக்கும் இரண்டு கால்களே முன்கவை. பேச்சு வழக்கில் இதனை ‘போர்க்’ என்கிறோம். வண்டி எதன்மீதாவது மோதினால் இது பின்னோக்கி வளைந்துவிடும். வளைந்ததை அடித்து நிமிர்த்தி ஓட்டுவது ஆபத்து. நிமிர்த்திய இடத்தில் இரும்பு வலுவிழந்து, ஓடும்பொழுதே முறியக்கூடும். ஆகவே, புதியதாக மாற்றுவதே முறை.

முதலில் முன்சக்கரத்தையும் பிரேக்கையும் கழற்ற வேண்டும். பிறகு, ஹேண்டில்பார் தண்டின் உச்சியில் உள்ள போல்ட்டை இரண்டு மூன்று சுற்று தளர்த்தி, அதன் தலையில் மரச்சுத்தியால் தட்ட வேண்டும். உள்ளே இறுகியிருக்கும் ஆப்பு விலகும். ஹேண்டில்பாரை உருவி எடுக்கலாம். அடுத்து, மேலுள்ள பூட்டு நட்டையும் அதன் கீழுள்ள கிண்ணத்தையும் கழற்றினால் முன்கவை கீழிறங்கும். அப்பொழுது குண்டுமணிகள் சிதறி ஓடும். கீழே ஒரு துணியை விரித்து வைப்பது நல்லது.

புதிய முன்கவை வாங்கும்பொழுது தண்டின் நீளமும் மரையும் பொருந்துகின்றனவா என்று பார்க்க வேண்டும். பழைய பிரிட்டிஷ் வண்டிகள் பெரும்பாலானவற்றில் ஓர் அங்குலத்திற்கு 24 மரைகள். ராலே நிறுவனமோ தன் வண்டிகளுக்கு 26 மரைகள் வைத்தது. இரண்டும் ஒன்றோடொன்று சேரா. குண்டுமணிகளுக்குக் கிரீஸ் பூசி, ஆட்டமும் இல்லாமல் இறுக்கமும் இல்லாமல் பூட்டிவிட்டால் வேலை முடிந்தது.

இரண்டு ஸ்பேனர், ஒரு சுத்தியல், ஒரு மணி நேரப் பொறுமை. ஓர் எளிய மனிதர் தமக்கென்று வாங்கி, தம் கையாலேயே பழுதுபார்த்துக் காலமெல்லாம் ஓட்டக்கூடிய இயந்திரம் இது. இக்கருத்தை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

தோட்டத்தில் மிதிவண்டி

1888ஆம் ஆண்டு ஜான் பாய்ட் டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். முதலில் மிதிவண்டிகளும் பின்னர் மோட்டார் வண்டிகளும் அந்த டயரில் ஓடத் தொடங்கின. உலகெங்கும் ரப்பருக்குத் தேவை பெருகியது. மலாயாவில் காடுகள் அழிக்கப்பட்டு ரப்பர்த் தோட்டங்கள் எழுந்தன. நம் முன்னோர் தமிழகத்திலிருந்து கிள்ளான் வட்டாரத்திற்குப் பெருந்தொகையாகக் கொண்டுவரப்பட்டதற்கு இந்த ரப்பரே முதன்மைக் காரணம்.

தோட்டத்தில் தொழிலாளியின் வீடு தோட்டத்துக்குச் சொந்தம். வேலை போனால் லயத்து வீடும் போகும். அத்தகைய வாழ்வில் சொந்தமாக ஒரு மிதிவண்டி என்பது எவ்வளவு பெரிய உடைமை என்பதை எண்ணிப் பாருங்கள். ஆனால், எதிரே வெள்ளைக்காரத் துரையோ கிராணியோ வந்தால், தொழிலாளி தம் வண்டியை விட்டு இறங்கியாக வேண்டும். தம் உழைப்பால் உருவான டயரின்மீது, தம் சொந்த வண்டியில் செல்பவருக்கு இந்த நிலை!

1941ஆம் ஆண்டுக் கோரிக்கை

1941ஆம் ஆண்டின் முற்பகுதியில் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். கிள்ளான் வட்டார இந்தியர் சங்கமும், ‘தமிழ் நேசன்’ நாளிதழின் துணையாசிரியராக இருந்த ஆர்.எச். நாதனும் அவர்களுக்குத் துணை நின்றனர். சீனத் தொழிலாளர்களுக்கு ஈடான கூலி, பிள்ளைகளுக்கு முறையான கல்வி, நல்ல மருத்துவ வசதி, கள்ளுக்கடைகளை மூடுதல், பெண்களிடம் முறைகேடாக நடப்பதற்கு முற்றுப்புள்ளி, சங்கம் அமைக்கும் உரிமை எனக் கோரிக்கைகள் நீண்டன. அவற்றுள் ஒன்று: துரைமாருக்கும் தோட்ட உத்தியோகத்தர்களுக்கும் முன்னால் மிதிவண்டியை விட்டு இறங்காமல் செல்லும் உரிமை.

கூலியோடும் கல்வியோடும் இக்கோரிக்கை ஒரே வரிசையில் வைக்கப்பட்டது. இதனை நிறைவேற்ற நிருவாகத்திற்கு ஒரு காசும் செலவாகாது. ஆயினும், அவர்கள் அதனைக் கேட்டார்கள். வயிற்றுக்கு மட்டும் போராடியவர்கள் இதைக் கேட்டிருக்க மாட்டார்கள்.

அரசாங்கம் அடக்குமுறையையே கையாண்டது. மே மாதம் நாதன் கைது செய்யப்பட்டு இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். சிலாங்கூரில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது, இராணுவம் வரவழைக்கப்பட்டது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் ஐவர் உயிரிழந்தனர்.

அதே ஆண்டின் டிசம்பர்

அதே ஆண்டு டிசம்பர் 8ஆம் நாள் ஜப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கியது. 1942 ஜனவரி 11ஆம் நாள் கோலாலம்பூர் வீழ்ந்தது. பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் சரணடைந்தது. அப்படையின் வேகத்திற்கு மிதிவண்டி பெருந்துணையாயிற்று. படையெடுப்பைத் திட்டமிட்டவர்களுள் ஒருவரான மசானோபு சுஜி, ஒவ்வொரு கம்பெனியிலும் வண்டி பழுதுபார்க்கக் குறைந்தது இருவர் இருந்தனர் என்று பின்னாளில் எழுதினார். போருக்கு முன்பே ஜப்பானிய மிதிவண்டிகள் மலாயாவில் விற்கப்பட்டு வந்ததால், உதிரிப் பாகங்களும் போகுமிடமெல்லாம் கிடைத்தன. எந்த வாகனத்தை விட்டுத் தொழிலாளியை இறங்கச் சொன்னார்களோ, அதே வாகனத்தில் வந்த படை துரைமாரின் ஆட்சியைக் கவிழ்த்தது.

புதிய ஆட்சி நம்மவர்க்கு விடுதலை தரவில்லை என்பதையும் மாணவர்களுக்குச் சொல்லியாக வேண்டும். சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டு மடிந்த தமிழர் பல்லாயிரவர்.

வகுப்பறைக்கு ஒரு சொல்

ஜப்பானியர் மிதிவண்டியில் வந்த கதையை நம் பிள்ளைகள் ஆர்வத்தோடு கேட்பார்கள். அதற்கு ஏழு மாதங்களுக்கு முன் தம் முன்னோர் மிதிவண்டிக்காக எழுப்பிய குரலையும் அதனோடு சேர்த்தே கூறுங்கள். பெற்றோரே, அடுத்த முறை வீட்டில் சைக்கிள் பழுதானால் உடனே கடைக்கு அனுப்பிவிடாதீர்கள். பிள்ளையின் கையில் ஸ்பேனரைக் கொடுத்து, அந்த நட்டைத் திருகும்பொழுதே இந்த வரலாற்றையும் சொல்லுங்கள். அதன்பின் அப்பிள்ளை சாலையில் ஏறி ஓட்டும்பொழுது, யாருக்காகவும் இறங்காமல் செல்வது ஒரு காலத்தில் கேட்டுப் பெற வேண்டியிருந்த உரிமை என்பதை அறிந்தே ஓட்டும்.