உயிர் காத்த நாசகாரி

போர்க்கப்பல்களுள் ஒரு வகையைத் தமிழ்ப் பத்திரிகைகள் நெடுங்காலமாக ‘நாசகாரி’ என்று எழுதி வந்துள்ளன. உருவத்தில் சிறிது, ஓட்டத்தில் விரைவு. பீரங்கியும் டார்ப்பீடோவும் அதன் படைக்கலங்கள். பெருங்கப்பல்களுக்குக் காவலாகச் செல்வதும், பகைக்கலங்களைத் தாக்கி அழிப்பதும் அதன் தொழில். அத்தகைய நாசகாரி ஒன்றின் வரலாற்றை ஈண்டு எடுத்துரைக்க விழைகின்றோம். அதன் பெயர் ‘வாம்பயர்’. இரத்தம் உறிஞ்சும் பேய் என்பது பொருள். வகையாலும் பெயராலும் இத்துணைக் கொடுமையைச் சுமந்த அக்கலம், உயிர் காத்த செயலாலேயே இன்று நினைக்கத்தக்கதாய் விளங்குகிறது.

கள்ளக்குறிச்சியிலும் கல்வராயன் மலையடிவாரத்திலும் வாழ்வோர்க்குக் கடற்போர் தொலைவான செய்தியாகத் தோன்றலாம். ஆனால், 1942ஆம் ஆண்டில் அப்பகுதி கடலூரைத் தலைமையிடமாகக் கொண்ட தென்னார்க்காடு மாவட்டத்தில் அடங்கியிருந்தது. அவ்வாண்டில் பர்மா ஜப்பானியர் வசமானதும் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. சென்னை மாகாணம் எங்கும் தட்டுப்பாடு தலைகாட்டிற்று. கடலில் நிகழ்ந்தது உள்நாட்டு அடுப்பங்கரை வரை வந்தது என்பதே உண்மை.

வாம்பயர், இங்கிலாந்தின் கௌஸ் துறைமுகத்தில் 1917 மே மாதம் நீரில் இறக்கப்பெற்றது, செப்டம்பரில் பணியேற்றது. முதல் உலகப்போரின் இறுதி ஆண்டைக் கண்ட பின்னர், 1933இல் ஆஸ்திரேலியக் கடற்படைக்கு அளிக்கப்பெற்றது. இரண்டாம் உலகப்போர் மூண்டபொழுது அது இருபத்திரண்டு வயதுக் கிழக்கலம். அதனையும் அதனோடு மத்தியதரைக் கடலுக்குச் சென்ற நான்கு தோழமைக் கலங்களையும் ‘பழைய இரும்புப் படை’ என்று ஜெர்மானியப் பிரசாரம் எள்ளி நகையாடிற்று. ஆனால், அந்தப் பழைய இரும்பே 1941இல் கிரீஸிலிருந்து படைவீரர்களை மீட்டது; முற்றுகையிடப்பட்ட தோப்ரூக் நகருக்கு உணவும் ஆயுதமும் சுமந்தது.

அதே ஆண்டின் இறுதியில் வாம்பயர் சிங்கப்பூரில் இருந்தது. டிசம்பர் 8ஆம் நாள் ‘பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்’, ‘ரிப்பல்ஸ்’ என்னும் இரு பெரும் போர்க்கப்பல்கள் அங்கிருந்து புறப்பட்டபொழுது, காவலாகச் சென்ற நான்கு நாசகாரிகளுள் இதுவும் ஒன்று. வானிலிருந்து காக்க விமானங்கள் உடன் இல்லை. டிசம்பர் 10ஆம் நாள் குவாந்தான் கரைக்கப்பால் ஜப்பானிய விமானங்கள் இரு பெருங்கப்பல்களையும் மூழ்கடித்தன. மாண்டோர் 840 பேர். எண்ணெய் படர்ந்த நீரில் தத்தளித்தவர்களை நாசகாரிகள் அள்ளியெடுத்தன. அப்பணியை ஜப்பானிய விமானிகள் தடுக்கவில்லை. ரிப்பல்ஸின் மக்களுள் வாம்பயர் மட்டும் 225 பேரைக் கரைசேர்த்தது. அவர்களுள் ஒருவர் அக்கப்பலின் தலைவர் டென்னன்ட். 1940இல் டன்கர்க் கரையிலிருந்து படைகளை ஏற்றியனுப்பும் பணியை முன்னின்று நடத்தியவர் அவரே. பிறரைக் கடல்கடத்திக் காத்தவர், கடலில் தாமே காக்கப்பட்டார்.

அழிக்கும் தொழிலில் வாம்பயருக்கு அதே வாய்ப்புக் கிட்டவில்லை. 1942 ஜனவரி 26ஆம் நாள் இரவு, மலாயாவின் எண்டௌ கரையில் இறங்கிய ஜப்பானியரைத் தாக்க அது ‘தானெட்’ என்னும் நாசகாரியுடன் சென்றது. ஏவிய டார்ப்பீடோக்கள் குறி தவறின. தானெட் மூழ்கியது, வாம்பயர் தப்பி மீண்டது. பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. பினாங்கிலும் சிங்கப்பூரிலும் வணிகம் செய்திருந்த நம் சபுராளிகள் பலருக்கும் ஊரிலிருந்த குடும்பத்தார்க்கும் இடையே கடிதமும் பணமும் அறுந்தன. நாகூரிலும் கீழக்கரையிலும் பல இல்லங்கள் செய்தியின்றிக் காத்திருந்த காலம் அது.

போர் பின்னர் நம் வாசலுக்கே வந்தது. ஏப்ரல் 5ஆம் நாள் கொழும்பும், மறுநாள் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும் குண்டுவீச்சுக்கு ஆளாயின. சென்னை மக்கள் பெருங்கூட்டமாக உள்நாடு நோக்கிப் பெயர்ந்தனர். அரசு அலுவலகங்கள் பலவும் இடம் மாறின.

திருகோணமலையும் தாக்கப்படும் என்றறிந்து, ஏப்ரல் 8ஆம் நாள் இரவு ‘ஹெர்மிஸ்’ என்னும் விமானந்தாங்கிக் கப்பலும் வாம்பயரும் துறைமுகத்தை விட்டுத் தெற்கே சென்றன. விமானந்தாங்கி என்பது பெயரளவே; அன்று ஹெர்மிஸில் ஒரு விமானமும் இல்லை. மறுநாள் காலை மட்டக்களப்புக்கு அப்பால் ஜப்பானிய வேவு விமானம் அவற்றைக் கண்டுகொண்டது. பாதுகாப்பு நாடித் துறைமுகத்திற்குத் திரும்பும் வழியிலேயே குண்டுவீச்சு விமானங்கள் சூழ்ந்தன. ஹெர்மிஸ் சில நிமிடங்களில் மூழ்கியது. 307 பேர் மாண்டனர். அடுத்து வாம்பயர் இரண்டாகப் பிளந்தது. தலைவர் மோரன் உள்ளிட்ட 9 பேரே அதில் உயிரிழந்தனர். அவ்வழியே வந்த ‘வீட்டா’ என்னும் மருத்துவக் கப்பல் இரு கலங்களினின்றும் ஏறத்தாழ 590 பேரை மீட்டுக் கொழும்பு சேர்த்தது. நான்கு திங்களுக்கு முன் பிறருக்குக் கைகொடுத்த மாலுமிகளுக்கு, மற்றொரு கப்பலின் கை நீண்டது.

குவாந்தானிலும் மட்டக்களப்பிலும் பாடம் ஒன்றே. வான்காவலின்றிக் கப்பலைக் கடலுக்கு அனுப்புதல், அதில் உள்ளோரைச் சாவுக்கு அனுப்புவதாகும். முதற்பாடம் கற்பித்து நான்கு திங்களாகியும், இரண்டாம் முறையும் உரிய நேரத்தில் வான்காவல் கிட்டவில்லை. அதன் விலையைக் கொடுத்தவர்கள் ஆணையிட்டோர் அல்லர், மாலுமிகளே.

மட்டக்களப்புக் கரை தமிழரும் முஸ்லிம்களும் கலந்து வாழும் கரை. காத்தான்குடியும் ஏறாவூரும் அதன் அண்மையில் உள்ளன. ஹெர்மிஸ் இன்றும் அக்கடலின் அடியில் கிடக்கிறது. வாம்பயர் என்னும் பெயரைப் பின்னர் ஏற்ற மற்றொரு நாசகாரியோ, சிட்னி நகரில் அருங்காட்சியகமாய் நிற்கிறது.

போர்க்கலங்களின் வரலாற்றை எழுதுவோர், அவை மூழ்கடித்த கப்பல்களை எண்ணுவர். உயிர் காத்தலின் மாண்பைத் திருமறை எத்துணை உயர்த்திப் பேசுகிறது என்றறிந்த நமக்கு, எண்ணவேண்டிய கணக்கு வேறு. எண்டௌவில் குறி தவறிய டார்ப்பீடோக்கள் கடலோடு மறைந்தன. குவாந்தான் நீரிலிருந்து ஏறிய 225 பேரோ தத்தம் தாயாருக்கும் மனைவி மக்களுக்கும் உயிரோடிருந்த செய்தியாயினர். வாம்பயரின் கணக்கில் நிற்பது அதுவே.