மிஸ்திரா மலைக்கோட்டை

கிரேக்க தேசத்தின் தெற்கே, புராதன ஸ்பார்ட்டா இருந்த சமவெளிக்கு மேற்புறத்தில், தைகெதொஸ் என்னும் மலைத்தொடர் நெடுஞ்சுவர்போல எழுந்து நிற்கின்றது. அதன் அடிவாரத்திலே, தாய்மலையினின்றும் சற்றே பிரிந்து, செங்குத்தான குன்றொன்று உண்டு. உயரம் 600 மீட்டருக்குச் சிறிது அதிகம். உச்சியிலே இடிந்த கோட்டை. சரிவிலே பழைய தேவாலயங்கள். அவற்றிடையே கூரையிழந்த வீடுகள். இதுவே மிஸ்திரா.

இக்கோட்டையைக் கட்டியவர்கள் கிரேக்கர் அல்லர். 1204ஆம் ஆண்டிலே, சிலுவைப் போருக்கெனப் புறப்பட்ட மேற்கு ஐரோப்பியப் படைகள், கிறிஸ்தவ நகராகிய கொன்ஸ்தாந்திநோபிளையே தாக்கிக் கைப்பற்றின. பைசாந்தியப் பேரரசு சிதறியது. அதன் தென்பகுதியைப் பிரெஞ்சுப் பிரபுக்கள் தமதாக்கிக்கொண்டனர். அவர்களுள் ஒருவனாகிய இரண்டாம் வில்லியம் என்பான், சமவெளி மக்களையும் மலைவாழ் குடிகளையும் அடக்கியாளும் நோக்குடன், 1249இல் இக்குன்றின்மேற் கோட்டையை அமைத்தான்.

பத்தாண்டுகள் சென்றன. 1259இல் பெலகோனியாப் போரிலே வில்லியம் தோல்வியுற்றுச் சிறைப்பட்டான். வைக்கோற் போருள் ஒளிந்திருந்த அவனை, முன்னே நீண்டிருந்த பற்களைக்கொண்டு பகைவர் அடையாளங்கண்டனர் என்று வரலாறு கூறும். கோட்டைகள் மூன்றை விட்டுக்கொடுத்தாலன்றி விடுதலையில்லை என்றான் பைசாந்தியப் பேரரசன். அதனை முடிவுசெய்யக் கூடிய சபையிலே அமர்ந்திருந்தோருட் பெரும்பாலோர் பெண்கள். அவர்தம் கணவன்மார் போரில் மடிந்தோ சிறையில் வாடியோ இருந்தமையே காரணம். கோட்டைகளைக் கொடுத்துத் தலைவனை மீட்பதென அச்சபை தீர்மானித்தது. 1262இல் மிஸ்திரா கிரேக்கர் கைக்கு வந்தது. கிரேக்கரை அடக்குவதற்கென எழுப்பிய மதில்களே, பின்னர் இரு நூற்றாண்டுகள் அவர்களுக்குக் காவலாயின.

சமவெளியிலே பிரெஞ்சுக்காரரின் அண்மையை அஞ்சிய மக்கள் மெல்ல மெல்ல மலையேறிக் குடிபுகுந்தனர். மேற்றாணியாரின் ஆசனமும் இங்கு வந்தது. இன்று கீழ்வாயிலினூடே நுழைந்து ஏறுவோர் முதலிற் காண்பது, அவருடைய ஆலயமாகிய புனித தெமேத்திரியார் கோயிலையே. சற்று மேலே ஒதெகேத்திரியா மடாலயம். இதன் சிற்றறையொன்றின் சுவர்களிலே, மடாலயத்துக்குப் பேரரசர் வழங்கிய நிலங்களையும் உரிமைகளையும் கூறும் சாசனங்கள் எழுத்துக்கு எழுத்தாகத் தீட்டப்பட்டுள்ளன. ஏடு எரியலாம், சுவர் நிற்கும் என்று அத்துறவிகள் கருதினர் போலும்.

இன்னும் ஏறினால் அரண்மனை. 1349 முதலாகப் பேரரசனின் மைந்தரும் சகோதரரும் இங்கிருந்து தென்னாட்டை ஆண்டனர். கொன்ஸ்தாந்திநோபிள் துருக்கியரால் நெருக்குண்டு சுருங்கிவந்த அக்காலத்திலே, இம்மலைநகரில் ஓவியமும் கல்வியும் செழித்தன. கெமிஸ்தோஸ் பிளேத்தோன் என்னும் தத்துவஞானி இங்கே வாழ்ந்து மாணாக்கருக்குப் பிளேட்டோவின் தத்துவத்தைப் போதித்தார். திருச்சபைகளின் ஒற்றுமை குறித்து 1439இல் புளோரன்ஸ் நகரிற் கூடிய சங்கத்துக்கு அவரும் சென்றார். ஆங்கு அவர் பிளேட்டோவைப் பற்றி ஆற்றிய உரைகள் இத்தாலிய அறிஞரின் உள்ளத்தைக் கவர்ந்தன. கிரேக்கப் பேரரசு அணையுமுன் அதன் அறிவுச்சுடர் மேற்கே பற்றியதற்கு இம்மலையும் ஒரு காரணம்.

1449 ஜனவரி 6ஆம் நாள், கொன்ஸ்தாந்தீன் பலையொலோகஸ் மிஸ்திராவிலே பேரரசனாக முடிபுனைந்தான். புனித தெமேத்திரியார் கோயிலின் தளத்திலே இருதலைக் கழுகு பொறித்த சலவைக்கல்லொன்று உண்டு. அவன் நின்ற இடம் அதுவே என்பது மரபு. பாதுகாப்பான மலையை விட்டு, ஆபத்துச் சூழ்ந்த தலைநகருக்கு அவன் புறப்பட்டான். 1453 மே 29ஆம் நாள் கொன்ஸ்தாந்திநோபிள் வீழ்ந்தபோது, மதிலருகே போரிட்டு மாண்டான். அவனே கடைசிப் பேரரசன்.

மிஸ்திராவை ஆண்ட அவன் தம்பி தெமேத்திரியஸ் வேறு வழி நாடினான். 1460 மே மாத இறுதியிலே, சுல்தான் இரண்டாம் மெஹ்மெத் படையுடன் வந்தபோது, நகரைப் போரின்றி ஒப்படைத்தான். தமையன் காத்து நின்ற நகர் சூறையாடப்பட்டது. தம்பி கைவிட்ட நகரின் ஆலயங்கள் பல தப்பின. வீரம் எது, விவேகம் எது என்று எளிதிற் கூறிவிடல் இயலாது. ஆயினும் ஒன்று தெளிவு. 1262இலும் 1460இலும் மிஸ்திராவின் தலைவிதி அதன் மதில்மேல் நிருணயிக்கப்படவில்லை. முன்னையது ஒரு சிறைக்கைதியின் மீட்புப் பணமாயிற்று; பின்னையது ஓர் ஆட்சியாளனின் தனி முடிவாயிற்று.

பின்னர் துருக்கியரும், 1687 முதல் 1715 வரை வெனிசியரும், மீண்டும் துருக்கியரும் இந்நகரை ஆண்டனர். 1770ஆம் ஆண்டுக் கிளர்ச்சியை அடுத்து நகர் சூறையாடப்பட்டது. 1825இல் இப்ராகிம் பாஷாவின் படைகள் அதற்குத் தீ வைத்தன. 1834இல் சமவெளியிலே புதிய ஸ்பார்ட்டா நகர் நிறுவப்படவே, எஞ்சிய மக்களிற் பலர் தம் முன்னோர் விட்டுவந்த நிலத்துக்கே இறங்கிச் சென்றனர். 1989இல் மிஸ்திரா உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்க்கப்பட்டது.

உச்சிக் கோட்டையிலே இன்று காவலர் இல்லை. காற்றும் புல்லுமே உண்டு. அங்கிருந்து நோக்கினால் ஸ்பார்ட்டாச் சமவெளி முழுவதும் விரிந்து தோன்றும். இறங்கும் வழியிலே, 1428ஆம் ஆண்டளவில் எழுந்த பந்தனாசா ஆலயம் உள்ளது. அதனை அடுத்த மடத்திலே கன்னியர் சிலர் இன்றும் வாழ்கின்றனர். நகரின் ஏனைய வாசல்கள் யாவும் வெறுமையாகிவிட, விளக்கேற்றப்படும் வீடு அவ்வொன்றே.