வள்ளலாரைத் திரித்தவர் யார்?

நோர்வூட்டில் நான் சிறுவனாக இருந்த காலத்தில், எங்கள் லயத்துக் காம்பிரா ஒன்றில் வள்ளலாரின் படம் மாட்டப்பட்டிருந்தது. வெள்ளிதோறும் அதற்குத் தேங்காய் உடைத்துச் சூடம் காட்டுவார்கள். யாரென்று கேட்டால், "முருக பக்தர்" என்பதோடு விளக்கம் முடிந்துவிடும். பின்னாளில் நான் படித்தறிந்த இராமலிங்க அடிகள் வேறொருவராக இருந்தார்.

முருகனையும் சிவனையும் பாடியவர்தான் அவர். ஆனால், முன்பு சைவத்தில் தமக்கிருந்த பற்று அறிவு விரியாத காலத்தது என்று 1873இல் மேட்டுக்குப்பத்தில் அவரே வெளிப்படையாகக் கூறினார். சாதி, சமய வேறுபாடுகளை மறுக்கும் பாடல்கள் நிறைந்த ஆறாம் திருமுறை, 1874இல் அவர் மறைந்தபின், 1885இல்தான் அச்சேறியது. முதற்பகுதியை மட்டும் பிடித்துக்கொண்டவர்கள் முடிவை விட்டுவிட்டார்கள்.

புறத்திலிருந்து வந்த எதிர்ப்பை நாமறிவோம். 1867இல் வெளியான அவர் பாடல்களுக்கு 'அருட்பா' என்ற பெயர் தகாதென்று, 1869இல் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் தரப்பிலிருந்து மறுப்பு நூல் வந்தது. அதே ஆண்டு மஞ்சக்குப்பம் நீதிமன்றத்தில் ஒரு வழக்கும் நடந்தது. பாடல்கள் அருட்பாவா மருட்பாவா என்று தீர்ப்பளித்த வழக்கென்றும், வள்ளலார் நுழைந்ததும் நாவலரே எழுந்து நின்றாரென்றும் அன்பர்கள் இன்றும் சொல்வதுண்டு. உண்மையில் அது அவதூறு வழக்கு. ஆய்வாளர் ப. சரவணன் தொகுத்த ஆவணங்கள் இதைத் தெளிவாக்குகின்றன. பக்தியின் பெயரால் அன்பர்கள் புனைந்ததும் திரிபே.

வடலூரில் ஒளி வழிபாட்டுக்கென 1872இல் அவர் தொடங்கிய சத்திய ஞானசபைக்குள்ளேயே பிற்காலத்தில் சைவச் சடங்குகள் புகுந்தன. அவற்றை நீக்குமாறு இந்து அறநிலையத் துறை 2006இல் உத்தரவிட்டது; சென்னை உயர் நீதிமன்றம் 2010இல் அதை உறுதிசெய்தது. ஒரு ஞானியின் சொல்லைக் காக்க அவரது சபையின் மீதே நீதிமன்றம் தீர்ப்புரைக்க நேர்ந்தது.

அவருடைய கொள்கையின் உயிர் எது? பசித்தவனுக்குச் சோறிடுதல். 1867இல் வடலூர் தருமசாலையில் மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை. அதே 1867இல்தான் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்டார். 1876-78ஆம் ஆண்டுப் பெரும் பஞ்சத்தில் தமிழகத்திலிருந்து பசியோடு கடல் கடந்தவர்கள் பலர், இந்த மலைகளுக்கே வந்து சேர்ந்தார்கள்.

இன்னொன்றையும் மறக்கலாகாது. 1877இல் யாழ்ப்பாணம் பஞ்சத்தில் வாடியபோது, வண்ணார்பண்ணையில் கஞ்சித் தொட்டி வைத்து ஏழைகளுக்கு ஊற்றியவர் அதே நாவலர். கொள்கையில் மோதிய இருவரும் பசிக்கு முன்னால் ஒன்றையே செய்தார்கள். நாம் அவர்களுடைய சண்டையை நினைவில் வைத்தோம், கஞ்சியை மறந்தோம்.

2022இன் பொருளாதார நெருக்கடியில், வேளைச் சோற்றைக் குறைத்துக்கொண்ட தோட்டக் குடும்பங்கள் ஏராளம். அந்நாட்களில் எனக்கு அந்தக் காம்பிராப் படம் நினைவுக்கு வந்தது. உடைத்த தேங்காயைப் பக்கத்துக் காம்பிராவுக்குக் கொடுத்திருந்தால், வள்ளலாரைச் சரியாகப் புரிந்துகொண்டவர்களாய் இருந்திருப்போம்.