அமில மழையும் 1500 டாலர் கணக்கும்

ஒரு டன் கந்தக டை ஆக்சைடைக் குறைக்க எவ்வளவு செலவாகும்? 1980களின் கடைசியில் அமெரிக்க அரசுக்கு இதற்குச் சரியான விடை தெரியாது. ஓரளவாவது தெரிந்தவர்கள் அனல் மின் நிலையக்காரர்கள்தான். அவர்களிடம் போய்க் கேட்பது, மீன்காரரிடம் மீன் புதுசா என்று கேட்கிற மாதிரி! டன்னுக்கு 1500 டாலர் வரை ஆகும் என்று தொழில்துறைப் பக்கமிருந்து பயமுறுத்தினார்கள்.

பொருளாதாரத்தில் இதை முன்பே யோசித்து வைத்தவர் மார்ட்டின் வைட்ஸ்மன். (2019ல் இறந்துபோனார். நோபல் கடைசி வரை கிடைக்கவில்லை.) செலவு தெரியாமல் மாசுக்கு வரி போட்டால், மாசு எவ்வளவு குறையும் என்று தெரியாது. மாசுக்கு உச்சவரம்பு வைத்தால், செலவு எங்கே போய் நிற்கும் என்று தெரியாது. எந்தத் தவறு அதிகம் வலிக்கும் என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள் என்றது அவருடைய 1974ஆம் வருடக் கட்டுரை.

அமெரிக்கா உச்சவரம்பைத் தேர்ந்தெடுத்தது. 1990 நவம்பரில் அதிபர் ஜார்ஜ் எச். டபிள்யூ. புஷ் கையெழுத்திட்ட சட்டத்தின் இலக்கு, வருடாந்திரப் புகையை 1980ஆம் வருட அளவிலிருந்து 1 கோடி டன் குறைப்பது. ஒரு டன்னுக்கு ஒரு அனுமதி. மிச்சம் பிடித்தவர் விற்கலாம், போதாதவர் வாங்கலாம். அனுமதி இல்லாமல் வெளியேற்றினால் டன்னுக்கு 2000 டாலர் அபராதம். யாருக்கு எவ்வளவு செலவு என்று அரசு விசாரிக்கவே இல்லை. புகைபோக்கியில் அளக்கும் கருவியை மாட்டச் சொன்னது, அவ்வளவுதான்.

1993 மார்ச்சில் சிகாகோவில் முதல் ஏலம் நடந்தது. சராசரி விலை சுமார் 150 டாலர். 1996ல் 100 டாலருக்கும் கீழே போனது. 1500 எங்கே, 100 எங்கே!

எல்லாம் பொய் என்றும் சொல்லிவிட முடியாது. 1980ல் ரயில் சரக்குக் கட்டணக் கட்டுப்பாடுகள் தளர்ந்ததால், வயோமிங் மாநிலத்தின் கந்தகம் குறைந்த நிலக்கரி தூரத்து மின் நிலையங்களுக்கும் மலிவாகப் போய்ச் சேர்ந்தது. இவ்வளவு மலிவாகும் என்று பலர் எதிர்பார்க்கவில்லை. எல்லோரும் புகையைக் கழுவும் இயந்திரம் வைத்தே ஆகவேண்டும் என்று சட்டம் சொல்லியிருந்தால், இந்த வழி யாருக்கும் பயன்பட்டிருக்காது. புதிய நிலையங்கள் விஷயத்தில் 1977ஆம் வருடச் சட்டம் கிட்டத்தட்ட அதைத்தான் செய்திருந்தது.

வேடிக்கை என்னவென்றால், இதைவிடப் பெரிய அறியாமை பேரேட்டின் மறுபக்கத்தில் இருந்தது. 1990ல் பேச்செல்லாம் ஏரி, மீன், காடு பற்றித்தான். நுண்துகள்கள் ஆயுளைக் குறைக்கின்றன என்று காட்டிய ஹார்வர்டின் ஆறு நகர ஆய்வு 1993ல்தான் வெளிவந்தது. 2005ல் வந்த ஒரு மதிப்பீடு, 2010ஆம் வருடத்துக்கான செலவை 300 கோடி டாலர் என்றும் பயனை 12,200 கோடி டாலர் என்றும் கணக்கிட்டது. பயனில் பெரும்பகுதி மனித உயிர்கள். அந்த 1 கோடி டன் இலக்கை வைத்தபோது இந்தக் கணக்கு யார் கையிலும் இல்லை.