பிஎச்பியில் திறந்து கிடந்த வாசல்

போன வாரம் பழைய மாணவர் ஒருவர் போனில் கேட்டார்: "சார், குளோபல் வேரியபிள் என்றாலே வகுப்பில் அப்படிக் கோபப்படுவீர்களே, ஏன்?" அதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. என் பிழையும் ஒன்று இருக்கிறது. பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1994-ல் ரஸ்மஸ் லெர்டார்ஃப் என்பவர், இணையத்தில் தான் போட்டிருந்த பயோடேட்டாவை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று அறிய, சி மொழியில் சில சின்ன புரோகிராம்கள் எழுதினார். 1995 ஜூனில் அவற்றைப் பொதுவில் வெளியிட்டார். பிஎச்பி பிறந்த கதை அதுதான். அதில் எல்லோருக்கும் பிடித்த வசதி ஒன்று: படிவத்தில் 'வயது' என்று ஒரு கட்டம் வைத்தால் போதும், புரோகிராமில் அதே பெயரில் ஒரு குளோபல் வேரியபிள் தானாக வந்து நிற்கும். பின்னாளில் இதற்கு ரிஜிஸ்டர் குளோபல்ஸ் என்று பெயர்.

இதில் ஒரு வேடிக்கை. பிஎச்பியில் ஃபங்ஷனுக்குள்ளிருந்து குளோபல் வேரியபிளைத் தொட வேண்டுமானால் 'குளோபல்' என்று எழுதி அனுமதி கேட்க வேண்டும். வீட்டுக்குள் அறைக்கு அறை பூட்டு. தெருவாசல் மட்டும் விரியத் திறந்திருந்தது!

எப்படி என்கிறீர்களா? கடவுச்சொல் சரியாக இருந்தால் 'அனுமதி' என்ற வேரியபிளில் 1 போடு. பிறகு அனுமதி 1 என்றால் பக்கத்தைக் காட்டு. படித்தால் பிழையே தெரியாது. ஆனால் முதலில் அனுமதியில் 0 போட்டு வைக்க மறந்திருந்தால், யாரோ ஒருவர் முகவரியின் கடைசியில் 'அனுமதி=1' என்று தட்டிவிட்டு உள்ளே வந்துவிடலாம். கடவுச்சொல்லே தேவையில்லை.

2001 டிசம்பரில் வந்த 4.1 பதிப்பு இதை ஒழுங்குபடுத்தியது. முகவரியில் வருவது 'கெட்', படிவத்தில் வருவது 'போஸ்ட்', குக்கீக்கு ஒன்று, செஷனுக்கு ஒன்று என்று தனித்தனிப் பெட்டிகள். இவற்றுக்கு சூப்பர் குளோபல் என்று பெயர். ஃபங்ஷனுக்குள்ளும் அனுமதி கேட்காமலே எடுக்கலாம். பெரிய லாபம் என்னவென்றால், ஒரு மதிப்பு எங்கிருந்து வந்தது என்பது படிக்கும்போதே தெரியும். 2002 ஏப்ரலில், 4.2 பதிப்பில், பழைய வசதி இயல்பாகவே அணைக்கப்பட்டது. அடியோடு நீக்க 2012 மார்ச் ஆனது, 5.4 பதிப்பில். பத்து வருடம்! ஏன் அத்தனை காலம் என்றால், என்னைப் போன்றவர்களால்தான்.

2003-ல் எங்கள் பள்ளிக்கு மதிப்பெண் பார்க்கும் பக்கம் ஒன்று எழுதியிருந்தேன். சர்வரில் பிஎச்பியை மாற்றியதும் படிவங்கள் எல்லாம் வெறுமையாக வந்தன. ஒவ்வொன்றாகத் திருத்தப் பொறுமையில்லை. 'எக்ஸ்ட்ராக்ட்' என்று ஒரே வரி சேர்த்தேன். பெட்டிகளில் இருந்ததெல்லாம் மறுபடி குளோபலாகக் கொட்டிவிட்டது. பக்கம் ஓடியது, எனக்கும் பெருமை.

ஒரு மாதம் கழித்து பிளஸ் டூ மாணவன் ஒருவன் லேபில் என்னிடம் வந்து, "சார், இதைப் பாருங்க" என்று முகவரியில் ஒரு சொல்லைச் சேர்த்தான். ஆசிரியர்களுக்கான பக்கம் திறந்தது. நான் செய்தது என்ன தெரியுமா? எல்லார் முன்னிலையிலும் அவனைத் திட்டி, அப்பாவை அழைத்து வரச் சொன்னேன்.

அன்று இரவே அந்த வரியை அழித்துவிட்டேன். மறுநாள் அவன் அப்பா வேலையை விட்டுவிட்டு வந்து தலைகுனிந்து நின்றார். அப்போதும் நான் உண்மையைச் சொல்லவில்லை.